ஜன்னல் வைத்த பூச்சி

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் சபையில் குறுக்கே தும்முவது எத்தகைய பிழையோ, அத்தகைய பிழைதான் இக்கதையை எழுத முனைந்ததும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, வாசகப் பெருமக்களிடம் பணிவுடன் மன்னிப்புக் கோருகிறேன். மின்னணுவியலில் தேர்ந்தவர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அவர்கள் தயவுகூர்ந்து இருமுறை மன்னிக்க வேண்டும். ஆயினும், ஒரு குடை ராட்டினம் நிற்க மறந்த காலைப்பொழுதைப் பற்றி யாராவது ஒருவர் எழுதத்தானே வேண்டும்? வந்த தும்மலை அடக்கினால் காது அடைத்துக்கொள்ளும் என்பார்கள். ஆகவே தொடங்கிவிடுகிறேன்.

அந்தக் கேளிக்கைப் பூங்காவில் அவளைப் பூச்சிக்காரி என்றுதான் அழைத்தார்கள். அவள் எந்தப் பூச்சியையும் பிடித்தவளல்லள். எறும்பைக் கண்டால்கூட வழிவிட்டு ஒதுங்குபவள். ஆனால் கறுத்த உடம்பும் இருபுறமும் வரிசைக் கால்களுமாக இருக்கும் ஐ.சி. சில்லுகளைப் பூங்காவில் அனைவரும் பூச்சி என்றே சொல்லிவந்தபடியால், அவற்றைக் கட்டி மேய்ப்பவளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாண்டுகளாக அவள் தற்காலிகப் பணியாளர். ராட்டினத்தின் பழைய மின்சுற்றுப் பலகை பழுதாகும்போதெல்லாம் உயிர் கொடுத்து எழுப்பி உட்காரவைப்பாள். மறுநாள் அது மறுபடியும் படுத்துவிடும்.

அன்று பாதுகாப்புச் சோதனை. முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார்.

"இதோ பாரும்மா, பலகை தேறிடுச்சுன்னா உனக்கு வேலை நிரந்தரம். தேறலைன்னா, பலகைக்குப் பதிலா புதுப் பெட்டி ஒண்ணுக்கு வெளியில சொல்லிவச்சிருக்கேன். அவங்க பெட்டியோட அவங்க ஆளும் வந்துடுவாரு. அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை, நீயே சொல்லு."

பூச்சிக்காரி இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, காலை எட்டு மணிக்கே ராட்டினத்தின் நடுத்தூணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். மேடையும் மிருகங்களும்தான் சுழலும், நடுத்தூண் அசையாது. அதன் பக்கவாட்டில் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் பலகை. அருகே ஒரு முக்காலி. முக்காலியின் பாதியில் அவளும் மறுபாதியில் அவளுடைய நாத்தனாரும். நாத்தனாருக்கு நுழைவுச்சீட்டுக் கிழிப்பதும் ராட்டினத்தின் பொத்தானை அழுத்துவதும் வேலை. ஊர் வாயை அடைக்கிற வாய் கூடுதல் தகுதி.

"யாரு யாரு என்னென்ன வேலைன்னு எனக்கும் சொல்லிவைடி. அந்த ஆபீசர் என்கிட்ட கேட்டா நான் திருதிருன்னு முழிக்கணுமா?"

"கேக்கமாட்டாரு அண்ணி."

"கேட்டா?"

பூச்சிக்காரி நுனி மழுங்கிய பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். பயம் வந்தால் அவளுக்குச் சில்லுகளைப் பற்றிப் பேசினால்தான் மூச்சு சீராகும்.

"இந்த மூணு கால்காரர் ரெகுலேட்டர். முன்னாடியிருந்து எவ்வளவு துள்ளிக்கிட்டு வந்தாலும் சரி, அஞ்சு வோல்ட்டுக்கு மேல ஒரு துளி உள்ள விடமாட்டாரு."

"எங்க அம்மா அடுக்களை வாசல்ல நிக்கிற மாதிரி."

"இது எட்டுக் கால். டைமர். டிக்கு டிக்குன்னு துடிச்சுக்கிட்டே இருக்கும். ஏன் துடிக்கிறேன்னு கேக்காது, எதுக்குன்னும் தெரியாது. பதினாலு கால்ல இருக்குதே, அது லாஜிக். உள்ள நாலு வாசல் காவக்காரங்க. கம்பிக் கதவு சாத்தியாச்சா, எல்லாரும் இடுப்புப் பட்டை மாட்டியாச்சான்னு பாத்து, ரெண்டுக்கும் ஆமான்னு வந்தாதான் ஆமாம்பாங்க."

"ஒண்ணுக்கு மட்டும் ஆமான்னா?"

"இல்லைம்பாங்க."

"பரவாயில்லையே. என் தம்பிகிட்ட ரெண்டுக்கும் ஆமான்னு சொன்னாலும் இல்லைன்னுதான் வருது."

பூச்சிக்காரி தன் கணவனைப் பற்றிய அந்தக் கருத்துக்கு மறுப்புச் சொல்லாமல் அடுத்ததற்குப் போனாள்.

"இது ஆம்ப்ளிஃபையர். இங்க ஒரு முனகல்னா அங்க ஸ்பீக்கர்ல ஊருக்கே கேக்கும்."

"அட, நம்ம பெரியம்மா!"

"இது டிரைவர். மேலிடம் கிசுகிசுன்னு சொல்றதை மோட்டாருக்கு உரக்கச் சொல்றவரு. ஒரு தடவை ஓடுன்னு சொல்லிட்டாங்கன்னா, நில்லுன்னு மறுபடி சொல்ற வரைக்கும் பிடிச்ச பிடியா ஓடுன்னுதான் நிப்பாரு. கடைசியா, நாப்பது கால்ல படுத்திருக்காரே, அவருதான் பிராசஸர். எல்லாருக்கும் மேல."

"மிடுக்கா இருக்காரு."

"மிடுக்குதான். சொந்தமா ஒண்ணும் தெரியாது. அடுத்து என்ன செய்யணும்னு ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இருக்குற மெமரியைக் கேட்டுக்கிட்டுத்தான் செய்வாரு."

"முதலாளியும் அவரு வீட்டம்மாவும்னு சொல்லு. புரிஞ்சுபோச்சு."

அந்த மெமரிச் சில்லு இருபத்தெட்டுக் கால்களுடன், பழுப்பேறிய ஒரு காகிதப் பட்டையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பட்டைக்கு அடியில் வட்டமான சிறு கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. சில்லில் எழுதியதை அழித்துப் புதிதாக எழுத வேண்டுமென்றால், அந்த ஜன்னல் வழியாகப் புறஊதா வெளிச்சத்தைக் காட்ட வேண்டும். வேறு வெளிச்சம் வேண்டாத நேரத்தில் உள்ளே போய்விடாமலிருக்கத்தான் பட்டை. மூன்று நிமிடம் ஓடு, மணி அடி, மெல்லக் குறை, நில் என்ற ராட்டினத்தின் வேதம் முழுவதும் அந்த ஜன்னலுக்கு உள்ளேதான் எழுதப்பட்டிருந்தது. பாட்டும்கூட.

இங்கேதான் பூச்சிக்காரி அந்தப் பிழையைச் செய்தாள். சோதனை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில், 'பலகையிலுள்ள ஒவ்வொரு பாகமும் மறைப்பின்றி அடையாளம் காணத்தக்கதாக இருத்தல் வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. மறைப்பின்றி! அவள் கடிதத்தையும் பட்டையையும் மாறிமாறிப் பார்த்தாள். நேரடி வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தால்தான் எழுத்து அழியும். நிழலில் ஒரு முற்பகலுக்குள் என்ன ஆகிவிடப்போகிறது, சாயங்காலம் மறுபடி ஒட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். கணக்கு மிகவும் சரி. விவரம் தெரியாதவளாக இருந்தால் பயந்துகொண்டு பட்டையில் கைவைத்தே இருக்கமாட்டாள். விவரம் தெரிந்ததனால் நகத்தால் நெம்பி உரித்து, சிறிதளவு ஸ்பிரிட்டால் துடைத்தும் வைத்தாள்.

"ஐயோ, உள்ள தங்கக் கம்பியெல்லாம் மினுங்குதுடி!" என்று நாத்தனார் ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தாள். "இத்தனை நாள் இந்த அழகை மூடியா வச்சிருந்தே?"

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நெடுநெடுவென்ற உயரம், தலையில் தொப்பி, ஒரு கையில் நிறுத்துக் கடிகாரம், மறுகையில் அட்டையில் செருகிய படிவம். சிரிப்பைப் படிவத்தில் கேட்காத காரணத்தால் அவர் கொண்டுவரவில்லை. முதலாளி அவருக்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததோடு நில்லாமல், சோதனை தேறுவதைப் படமாக்கி விளம்பரம் செய்வதற்காக ஒரு போட்டோக்காரரையும் வரவழைத்திருந்தார். போட்டோக்காரர் தலையளவு பிளாஷ் விளக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"விதி இதுதான்," என்றார் அதிகாரி. "தொடர்ச்சியா மூணு ஓட்டம். ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம். தானா ஓடணும், தானா நிக்கணும். சிவப்புப் பொத்தானை அழுத்தினா பாதுகாப்பா நின்னுடும், அதை வந்ததும் அழுத்திப் பாத்துட்டேன், நல்லா இருக்கு. ஆனா ஓட்டத்துக்கு நடுவுல அதை அழுத்த வேண்டி வந்துச்சுன்னா பலகை தேறலைன்னு அர்த்தம். பெட்டிக் கதவு திறந்தே இருக்கட்டும். நான் மேல உக்காந்து பாப்பேன்."

குதிரைகள் அவருடைய கால்களுக்குக் குட்டையாக இருந்தன. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து படிவத்தை மறைத்தது. இறுதியில் அவர் வாத்தின் மேல் அமர்ந்தார். வாத்தின் மேல் அரசாங்கம் அமர்ந்ததைக் கண்ட நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு வேலியோரத்திலிருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

ராட்டினம் அழகாகக் கிளம்பியது. விளக்குகள் எரிந்தன. பாட்டு ஒலித்தது. மீதி நேரத்தைக் காட்டும் பலகையில் நூற்றெண்பது, நூற்றெழுபத்தொன்பது என்று எண்கள் ஒழுங்காக இறங்கின. வேலிக்கு வெளியே நின்ற பூச்சிக்காரி, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் கணவனைப் போலக் கைகளைப் பிசைந்தாள். எண் எழுபதில் வரும்போது போட்டோக்காரர் முன்னால் குனிந்து, வாத்தைக் குறிபார்த்து, பளீரென்று ஒரு வெளிச்சம் அடித்தார்.

பாட்டு விக்கியது. பிறகு நடுவிலிருந்து தொடங்கி, முன்னால் போய், பின்னால் வந்து, இதுவரை எந்த இசையறிஞரும் கேட்டிராத ஒரு ராகத்தில் வெளுத்துக் கட்டத் தொடங்கியது. எண் பலகையில் எழுபது மறைந்து நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. வந்தது இறங்கவில்லை, ஏறியது.

"ஏண்டி, இது வயசு மாதிரி ஏறிக்கிட்டே போகுதே?" என்றாள் நாத்தனார்.

மூன்று நிமிடம் கடந்தது. மூன்றரையும் கடந்தது. டிரைவர் சில்லுக்கு நில் என்று சொல்ல எவரும் இல்லாததால், அது பிடித்த பிடியாக ஓடு என்றே நின்றது. வாத்து ஒவ்வொரு முறை முன்னால் வரும்போதும் அதிகாரியின் பேச்சில் ஒரு துண்டு வந்து சேர்ந்தது.

"மூணு நிமிஷம்…" என்று கேட்டுவிட்டு வாத்து போனது. திரும்பி வந்தபோது, "…ஆயிடுச்சே!" என்றது.

"என்னங்கய்யா சொன்னீங்க?" என்று முதலாளி கூடவே நாலடி ஓடினார்.

"ஏன் நிக்…" போனது. வந்தது. "…கலை?"

நாத்தனார் சிவப்புப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு கத்தினாள். "நிறுத்தட்டுங்களா ஐயா?"

ஒரு சுற்று. "வேண்டாம்…" மறு சுற்று. "…வேண்டாம்! தானா எப்ப நிக்குதுன்னு…" அடுத்த சுற்று. "…பாத்துடணும்! நான் நல்லாத்தான் இருக்கேன்!" இந்தக் கடைசித் துண்டைச் சொல்லும்போது தொப்பி பறந்துபோனதை அவர் பொருட்படுத்தவில்லை. அவர் முகத்தில் ஏதோ நெளிந்தது. சிரிப்போ என்று ஐயுறும்படி இருந்தது.

போட்டோக்காரருக்கு அன்று நல்ல வேட்டை. பளீர்! ஸ்பீக்கர் கமறியது. பளீர்! கடைசிச் சுற்றின் மணி கணகணவென்று அடித்து, அடித்தது பிழை என்று தோன்றியதுபோல் பாதியில் நின்றது. பளீர்! எல்லா விளக்குகளும் அணைந்து, பச்சை மட்டும் எரிந்து, ஒட்டகச்சிவிங்கி பாசி படிந்தது போலாயிற்று.

"அந்த ஆளு கண்ணடிக்கும்போதெல்லாம் இதுக்கு வெக்கம் வருதுடி," என்றாள் நாத்தனார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். பூச்சிக்காரிக்கோ உச்சி முதல் உள்ளங்கால் வரை சுரீரென்றது. வெளிச்சம்! எழுத்து அழிய வாரங்கள் ஆகும். ஆனால் கண் கூச ஒரு நொடி போதுமே! ஜன்னலுக்குள் அத்தனை பெரிய வெளிச்சம் பாய்ந்தால், பிராசஸர் ஒன்றைக் கேட்க மெமரி மற்றொன்றை உளறும். உளறலை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அந்த நாற்பது கால் பெரிய மனிதர் எந்தக் காட்டிலோ அலைந்துகொண்டிருக்கிறார். பட்டையை உரித்தது யார்? தானேதான். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டதோடு, அதை ஸ்பிரிட்டால் துடைத்தும் வைத்திருக்கிறாள்.

"போட்டோ எடுக்காதீங்க!" என்று கத்தினாள்.

அந்தப் பாட்டுச் சத்தத்தில் போட்டோக்காரருக்கு போட்டோ என்பது மட்டும் கேட்டது. "உங்களையுமா? அதுக்கென்னங்க, தாராளமா!" என்று அவளையும் ஒன்று எடுத்தார். பளீர்.

இனி போட்டோக்காரரை நிறுத்தியும் பயனில்லை. வழி தவறிய பிராசஸரை மீண்டும் முதல் வரியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமென்றால், பெட்டிக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். அது நடுத்தூணில். நடுவே சுழலும் மேடை. அவளோ எறும்புக்கு வழிவிடுபவள்.

"அண்ணி, நான் உள்ள போறேன். நான் விழுந்தா மட்டும் சிவப்பை அழுத்துங்க."

"நீ விழுந்தாலா? நீ ஏறும்போதே அழுத்திடுவேன் போல இருக்கே, போடி!"

அவள் மேடையோடு நாலடி ஓடிக் கம்பியைப் பிடித்து ஏறினாள். இடது செருப்பு மேடைக்கு அடியில் போயிற்று. இரண்டு குதிரைகளுக்கு நடுவே நுழைந்தாள். ஒட்டகச்சிவிங்கியின் வாலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அதிகாரியின் முழங்காலில் முட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா, ஒரு நிமிஷம் வழி."

"தாராளமா போங்க," என்றார் அதிகாரி. எங்கோ விருந்தில் அமர்ந்திருப்பவரைப் போல அவர் காலை மடக்கிக்கொண்டார்.

நடுத்தூணைத் தாவிப் பிடித்தாள். உலகம் சுழல்வது நின்று, தலை சுழலத் தொடங்கியது. இப்படியொரு காட்சி வாழ்நாளில் மறுபடி கிடைக்காது என்று போட்டோக்காரர் மேடையிலேயே ஏறிவிட்டதை ஓரக்கண்ணால் கண்டாள். சட்டைப் பையில் கறுப்பு டேப்பைத் தேடினாள், அகப்படவில்லை. யோசிக்க நேரமில்லை. வலது கட்டைவிரலை ஜன்னலின் மேல் அழுத்தி மூடிக்கொண்டு, இடது கையால் ரீசெட்டை அழுத்தினாள். பளீர், பளீர் என்று முதுகுக்குப் பின்னால் இரண்டு வெளிச்சம்.

பாட்டு அடங்கியது. பிராசஸர் முதல் வரியைக் கேட்டார். முதல் வரி நில் என்பது. டிரைவர் அதை மோட்டாருக்கு உரக்கச் சொன்னார். ராட்டினம் மெல்ல மெல்லக் குறைந்து, பெருமூச்சு விட்டதுபோல் நின்றது. நிறுத்துக் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் நாற்பது விநாடி.

முதலாளி முந்திக்கொண்டார். "ஐயா வர்றீங்கன்னு ஸ்பெஷலா ஒரு நீளமான ரவுண்டு வச்சிருந்தோம். சும்மா ஒரு மரியாதைக்கு. இது கணக்குல வராது, இனிமேதான் சோதனை."

"அப்படியா?" என்று அதிகாரி ஒரு குதிரையைப் பார்த்துக் கேட்டார். பிறகு முதலாளி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கண்டுபிடித்து, "அப்படியா?" என்று மறுபடியும் கேட்டார். "பலகையைப் பாத்துக்கிறது யாரு?"

"நான்தாங்க," என்று தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. விரலை எடுக்கப் பயந்து அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

"நீங்க சொல்லுங்க. இது நீளமான ரவுண்டா?"

ஆமாம் என்று ஒரு சொல். சொல்லிவிட்டு, அதிகாரி முகம் கழுவப் போகும் நேரத்தில் ஜன்னலை மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் நிரந்தர வேலையின் ஆணை அச்சாகிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். பெட்டிக்குள் இருந்த பதினான்கு கால் சில்லு நினைவுக்கு வந்ததோ என்னவோ, ஆமாம் வரவில்லை.

"இல்லைங்க ஐயா. என் தப்பு. இந்தச் சில்லுக்கு ஜன்னல் இருக்கு. மறைப்பு இருக்கக் கூடாதுன்னு கடிதத்துல இருந்துச்சு, அதனால பட்டையை நான்தான் உரிச்சேன். பிளாஷ் வெளிச்சம் உள்ள போனதும் அது தடுமாறிடுச்சு. பாடம் ஒப்பிக்கிறவங்க கண்ணுல டார்ச் அடிச்ச மாதிரி."

முதலாளி நெற்றியில் அறைந்துகொண்ட ஓசை தெளிவாகக் கேட்டது. ஆம்ப்ளிஃபையர் தேவைப்படவில்லை.

அதிகாரி வாத்திலிருந்து இறங்கி, நேராக நடக்க முயன்று, வளைவாக வந்து சேர்ந்தார். "விரலை எடுங்க, பாக்கலாம். ஓ! தங்கக் கம்பி!" வெகுநேரம் பார்த்தார். பிறகு படிவத்தைப் புரட்டினார். "விதி என்ன சொல்லுது? தொடர்ச்சியா மூணு ஓட்டம். முதல் மூணு ஓட்டம்னு எங்கயும் சொல்லலை. காரணம் தெரிஞ்சு சரி பண்ணினா மறுபடி ஓட்டலாம். கறுப்பு டேப் இருக்கா?"

"என்கிட்ட இருக்கு!" என்று நாத்தனார் ஓடிவந்தாள். "காலையில சீட்டுக்கட்டு கட்டறதுக்கு நான்தான் இவ பையிலேர்ந்து எடுத்தேன்."

"ஒட்டுங்க. போட்டோக்காரரே, நீங்க இங்க வாங்க. பெட்டிக்கு எதிர்ல நில்லுங்க. உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவு அடிங்க."

"எதை எடுக்கணும் ஐயா?"

"எதையும் எடுக்க வேண்டாம். அடிங்க!"

பூச்சிக்காரி டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டினாள். அதிகாரி மறுபடியும் வாத்தின் மேல் ஏறினார்; இந்த முறை எவரும் உதவி செய்யவில்லை, அவ்வளவு ஆவலாக ஏறினார். பச்சைப் பொத்தான். பளீர், பளீர், பளீர். பாட்டு பாட்டாகவே இருந்தது. எண்கள் இறங்கின. மணி அடித்தது. நின்றது.

"ஒண்ணு!" என்றார் அதிகாரி.

இரண்டாவது ஓட்டத்தில் போட்டோக்காரர் தரையில் படுத்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் வெளிச்சம் அடித்தார். தொண்ணூறில் எண் ஒரு கணம் தயங்கியது போலிருந்தது; பூச்சிக்காரியின் மூச்சும் தயங்கியது. எண்பத்தொன்பது வந்தது. இரண்டும் தொடர்ந்தன.

"ரெண்டு!" அதிகாரி இப்போது வாத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஓட்டத்தில் நாத்தனார் எண்களை உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். பதினைந்து, பதினான்கு. வேலிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். பத்து, ஒன்பது. கோபத்தில் வாயை இறுக்கியிருந்த முதலாளியின் உதடுகள் தாமாகவே எட்டு என்றன. ஐந்தில் பிளாஷ் விளக்கு டப்பென்று ஒரு சத்தம் போட்டுப் புகைந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. வாத்து, கிளம்பிய இடத்திலேயே துல்லியமாக வந்து நின்றது.

அதிகாரி இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஒலியே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வேலியைத் தாண்டித் தொற்றியது. பூச்சிக்காரி ஒற்றைச் செருப்போடு மேடையில் உட்கார்ந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

"தேறியது" என்று அதிகாரி எழுதினார். எழுத்து மலையேறுவதுபோல் சாய்ந்திருந்தது. கீழே இன்னொரு வரியும் எழுதினார்: 'மெமரிச் சில்லின் ஜன்னல் எப்போதும் மறைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.'

முதலாளி அவளிடம் வந்தார். "நாளையிலேர்ந்து நிரந்தரம். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனா ஒரு வாரத்துக்கு என் கண்ணு முன்னாடி வராதே."

"சரிங்க முதலாளி."

"அடுத்தவன் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டே!"

"அது நீங்களா ஆனதுங்க," என்றாள் நாத்தனார், கேட்காத கேள்விக்கு.

அன்று போனவை: பூச்சிக்காரியின் இடது செருப்பு; போட்டோக்காரரின் பிளாஷ் விளக்கு; தேறும் காட்சியின் படம், எடுத்த அறுபத்திரண்டில் ஒன்றுகூட இல்லை; அதிகாரியின் தொப்பி; ஒரு முற்பகல்; பத்தரை மணிக்கு வந்து, கதவு மூடியிருக்கக் கண்டு திரும்பிப்போன பதினேழு பேர்; நாத்தனாரின் குரல், இரண்டு நாட்களுக்கு; முதலாளியின் பேச்சு, அவர் சொன்ன ஒரு வாரம் போதாமல், ஒன்பது நாட்களுக்கு.